‘எவரேனும் ஒருவர்’: காப்புரிமை அலுவலகத்துக்குள் நோயாளிகள் நுழைந்த வரலாறு

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் இரண்டு உட்பிரிவுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. காப்புரிமை வழங்கப்படுவதற்கு முன்பே அதை எதிர்ப்பதற்கு வழி சொல்கிறது முதலாவது. வழங்கப்பட்ட பின் ஓராண்டுக்குள் எதிர்ப்பதற்கு வழி சொல்கிறது இரண்டாவது. எதிர்க்கத் தகுதியுள்ளவர் யார் என்பதில் இரண்டும் வேறுபடுகின்றன. முதல் உட்பிரிவு ‘எவரேனும் ஒருவர்’ எதிர்க்கலாம் என்கிறது; இரண்டாவது, ‘அக்கறையுடைய எவரேனும் ஒருவர்’ எதிர்க்கலாம் என்கிறது. வேறுபாடு ஓர் அடைமொழி மட்டுமே. அந்த அடைமொழி இல்லாத இடைவெளியின் வழியாகத்தான் புற்றுநோயாளிகளும், எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரும், காசநோயிலிருந்து மீண்டவர்களும் கடந்த இருபது ஆண்டுகளில் இந்தியக் காப்புரிமை அலுவலகங்களுக்குள் நுழைந்தார்கள்.

நோயாளர் உரிமைப் பணி என்பது இன்று ஒரு தொழில்முறை வாழ்க்கையாகவே கருதப்படுகிறது. மருந்து நிறுவனங்களில் அரசுத் தொடர்பு அலுவலர்கள் இருப்பதைப் போல, நோயாளர் அமைப்புகளிலும் அமைச்சகங்களோடும் ஒழுங்குமுறை அமைப்புகளோடும் நீதிமன்றங்களோடும் உறவாடுவதையே முழுநேர வேலையாகக் கொண்டோர் இருக்கிறார்கள். இப்பணி இந்தியாவில் எவ்வாறு உருவாயிற்று என்று கேட்டால், வழக்கமாகத் தியாகிகளின் பட்டியலோ தீர்ப்புகளின் பட்டியலோ விடையாகக் கிடைக்கும். இரண்டும் தேவையானவையே. எனினும், அவ்வரலாற்றின் திருப்பங்கள் பல சட்டத்தில் இடம்பெற்ற, நீக்கப்பட்ட, மீண்டும் சேர்க்கப்பட்ட சில சொற்களைச் சுற்றியே நிகழ்ந்துள்ளன. நோயாளியைச் சட்டம் எந்தப் பெயரால் அழைத்தது என்பதே, நோயாளி எவ்வளவு தூரம் பேச முடிந்தது என்பதைத் தீர்மானித்தது.

காலனிய ஆட்சியின் 1911-ஆம் ஆண்டுச் சட்டம் மருந்துப் பொருளுக்கே காப்புரிமை வழங்க இடமளித்தது. விடுதலைக்குப் பின்னரும் அச்சட்டமே நீடித்தது. அக்காலத்தில் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளின் விலை உலகிலேயே மிக அதிகமாக இருந்த நாடுகளுள் இந்தியாவும் ஒன்று என்பதை அமெரிக்க செனட்டில் கெஃபாவர் தலைமையிலான குழு சுட்டிக்காட்டியது. காப்புரிமைச் சட்டத்தைத் திருத்துவது குறித்து ஆராயும் பொறுப்பு நீதிபதி என். ராஜகோபால ஐயங்காரிடம் ஒப்படைக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து பின்னர் உச்ச நீதிமன்றம் சென்ற அவர், 1959-இல் அளித்த அறிக்கையே 1970-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் அடித்தளம். 1972 ஏப்ரல் 20 அன்று நடைமுறைக்கு வந்த அச்சட்டம், மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, அதைத் தயாரிக்கும் முறைக்கு மட்டுமே உண்டு என்று வரையறுத்தது. அந்தச் செய்முறைக் காப்புரிமையும் ஏழு ஆண்டுகளுக்கு மேல் நீடிக்காது. ஒரே மருந்தை வேறொரு செய்முறையில் தயாரிக்கும் இந்திய நிறுவனங்கள் இதன் பயனாகவே வளர்ந்தன.

மருந்து விலை குறைந்ததால் மிகுந்த நன்மை பெற்றவர்கள் நோயாளிகள்தாம். ஆயினும் அந்தச் சட்டத்தில் அவர்கள் பேசுவதற்கென்று ஓர் இடமும் இல்லை. 1970-ஆம் ஆண்டின் 25-ஆம் பிரிவு, ‘அக்கறையுடைய’ ஒருவர் மட்டுமே எதிர்ப்பு அறிவிப்புத் தரலாம் என்றது. அன்றாடத் தமிழில் அக்கறை என்றால் பரிவு, கவனம், ஈடுபாடு. சட்டத்தில் அதன் பொருள் வேறு. தொழில் அல்லது பொருளாதார நலன் உடையவர் என்பதே அங்கு முதன்மையாகக் கொள்ளப்பட்டது. ஆகவே எதிர்ப்பு என்பது நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையே நடக்கும் வழக்காகவே இருந்தது. மருந்தை விழுங்குகிறவர் அதில் அக்கறை உடையவராக எண்ணப்படவில்லை. அரசின் கொள்கையால் பயன்பெறும் ‘பயனாளி’ என்பதே அவருக்குக் கிடைத்த பெயர்.

பயனாளி என்ற அந்தப் பெயரும் நிலையானது அன்று. நோய் மாறினால் பெயரும் மாறும் என்பதைக் கோவா காட்டியது. 1989-இல் டொமினிக் டிசோசா என்ற இளைஞர், இரத்த தானம் செய்ததன் வழியே அவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரியவந்த பின், காவலர்களால் பிடித்துச் செல்லப்பட்டு, கைவிடப்பட்ட ஒரு காசநோய் மருத்துவமனைக் கட்டடத்தில் இரண்டு மாதத்துக்கும் மேலாகத் தனித்து அடைத்து வைக்கப்பட்டார். அவ்வாறு அடைத்து வைப்பதற்குக் கோவாவின் பொதுச் சுகாதாரச் சட்டமே அதிகாரம் அளித்திருந்தது. அங்கே நோயாளி, அரசு தன் குடிமக்களைக் காக்க வேண்டிய ஓர் ஆபத்து. அவருடைய தாயார் லூசி டிசோசா, மும்பை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். வழக்கறிஞர் ஆனந்த் குரோவர் அவர்களுக்காக வாதாடினார். இடைக்கால ஆணையால் டொமினிக் வெளியே வந்தார். ஆனால் தனிமைப்படுத்தும் அதிகாரம் செல்லும் என்றே இறுதியில் நீதிமன்றம் கூறிவிட்டது. வழக்கு தோற்றது.

தோற்ற வழக்குதான் பின்வந்த அமைப்புகளுக்கு வித்தாயிற்று. டொமினிக் 1992-இல் இறந்தார். அவர் தொடங்கிய ‘பாசிட்டிவ் பீப்பிள்’ அமைப்பு தொடர்ந்து நடந்தது. எச்.ஐ.வி.யுடன் வாழ்வோரின் அகில இந்திய வலையமைப்பு 1997-இல் தொடங்கப்பட்டு, சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு வளர்ந்தது. மணிப்பூர், டெல்லி, மகாராஷ்டிரம் என மாநில வலையமைப்புகள் உருவாயின. நோயாளிகளும் வழக்கறிஞர்களும் ஒரே மேசையில் அமர்ந்து சட்டம் படிக்கும் பழக்கம் இக்காலத்தில்தான் வேரூன்றிற்று. 2001 பிப்ரவரியில் சிப்லா நிறுவனம், எச்.ஐ.வி.க்கான மூன்று மருந்துக் கூட்டுச் சிகிச்சையை, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஓராண்டுக்கு 350 டாலருக்குத் தர முன்வந்தது. அதுவரை காப்புரிமை பெற்ற மருந்துகளுக்கு ஆகிய செலவு ஓராண்டுக்கு 10,000 டாலருக்கும் மேல். 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு எட்டு மருத்துவமனைகளில் இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியது. தாம்பரம் மருத்துவமனை அவற்றுள் ஒன்று. செய்முறைக் காப்புரிமை மட்டுமே இருந்த 1970-ஆம் ஆண்டுச் சட்டம் இல்லையெனில் இந்த விலை சாத்தியமே இல்லை என்பது அந்த அமைப்புகளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. அந்தச் சட்டத்தின் நாட்கள் எண்ணப்பட்டுக்கொண்டிருந்தன என்பதும் தெரிந்திருந்தது.

உலக வர்த்தக அமைப்பின் உறுப்பினர் என்ற முறையில், 2005 ஜனவரி 1 முதல் மருந்துப் பொருட்களுக்கும் காப்புரிமை வழங்க இந்தியா கடமைப்பட்டிருந்தது. அதற்கான திருத்தம் 2004 டிசம்பர் இறுதியில் ஓர் அவசரச் சட்டமாக வந்தது. அதில் முதன்முறையாக ‘எவரேனும் ஒருவர்’ என்ற சொல் இடம்பெற்றது. வாசல் அகலமாகத் திறக்கப்பட்டது போலத் தோன்றினாலும், உள்ளே நிற்க இடம் இல்லை. எதிர்ப்பதற்கான காரணங்கள் மிகக் குறுக்கப்பட்டிருந்தன. அதைவிட முக்கியமானது, எதிர்ப்பு மனு அளித்தார் என்ற ஒரே காரணத்தால் அவர் நடவடிக்கையில் ஒரு ‘தரப்பினர்’ ஆகிவிட மாட்டார் என்று அவசரச் சட்டம் வெளிப்படையாகச் சொல்லியது. கடிதம் போடலாம், பதில் எதிர்பார்க்கக் கூடாது என்பதே அதன் சாரம்.

2005-இன் தொடக்க மாதங்களில் நோயாளர் அமைப்புகளும், மருந்துக் கொள்கை குறித்து நெடுங்காலம் பணியாற்றிய குழுக்களும், வழக்கறிஞர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சந்தித்தார்கள். ஐக்கிய முற்போக்குக் கூட்டணி அரசுக்கு வெளியிலிருந்து ஆதரவளித்த இடதுசாரிக் கட்சிகளின் வாக்குகள் இல்லாமல் அந்தச் சட்டம் நிறைவேற வழியில்லை. அந்த நெருக்கடியில்தான் மூன்று மாற்றங்கள் ஏற்பட்டன. எதிர்ப்புக்கான காரணங்கள் பதினொன்றாக விரிந்தன. எதிர்ப்பவர் கேட்டால் அவருக்கு நேரடி விசாரணை வாய்ப்பு அளிக்க வேண்டும் என்ற கட்டாயம் வந்தது. 3(டி) பிரிவில், ஏற்கெனவே அறியப்பட்ட ஒரு வேதிப்பொருளின் புதிய வடிவத்துக்குக் காப்புரிமை வேண்டுமெனில் அதன் செயல்திறன் மேம்பட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்க்கப்பட்டது. ‘எவரேனும்’, ‘செயல்திறன்’ ஆகிய இவ்விரு சொற்களும் ஒன்றுக்கொன்று துணை. ஒன்று யார் கேட்கலாம் என்பதைச் சொன்னது. மற்றொன்று எதைக் கேட்கலாம் என்பதைச் சொன்னது.

இவை இரண்டும் முதலில் சோதிக்கப்பட்ட இடம் சென்னைக் காப்புரிமை அலுவலகம். நாள்பட்ட மைலாய்டு வகை இரத்தப் புற்றுநோய்க்கு இமாட்டினிப் என்ற மூலக்கூறு ஒரு பெரும் திருப்பமாக அமைந்தது. கிளிவெக் என்ற பெயரில் நோவார்ட்டிஸ் நிறுவனம் அதை விற்றது. இமாட்டினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்குக் காப்புரிமை கோரி அந்நிறுவனம் 1998-இல் சென்னையில் விண்ணப்பித்தது. பொருள் காப்புரிமை நடைமுறைக்கு வரும்வரை அந்த விண்ணப்பம் காத்திருந்தது. இடையில் 2003-இல் அதற்குத் தனி விற்பனை உரிமை வழங்கப்பட்டது. நிறுவனத்தின் மருந்துக்கு மாதம் சுமார் 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்களின் ஜெனரிக் மருந்துக்கு ஏறத்தாழ அதில் பத்தில் ஒரு பங்கு. ஆயுள் முழுதும் உட்கொள்ள வேண்டிய மருந்தில் இந்த வேறுபாடு எதைக் குறிக்கும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

விண்ணப்பத்துக்கு எதிராக ஐந்து எதிர்ப்பு மனுக்கள் வந்தன. நான்கு, மருந்து நிறுவனங்களுடையவை: நாட்கோ, சிப்லா, ரான்பாக்சி, ஹெட்டிரோ. ஐந்தாவது, மும்பையில் 1969-இல் ஒய்.கே. சப்ரு தொடங்கிய புற்றுநோயாளர் உதவிச் சங்கத்தினுடையது. ஏழை நோயாளிகளுக்கு மருந்தும் பராமரிப்பும் அளிப்பதை முதன்மைப் பணியாகக் கொண்டிருந்த ஒரு தொண்டு நிறுவனம், படிக வேதியியல் குறித்த ஆட்சேபங்களோடு ஓர் அரசு அதிகாரியின் முன் வந்து நின்றது. பயனாளிகளின் சார்பில் உதவி கேட்டு நின்ற அமைப்பு தரப்பினராக மாறிய தருணம் இது.

இங்கே நியாயத்தின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நோவார்ட்டிஸ், கிளிவெக் மருந்தை இந்தியாவில் பல ஆயிரம் நோயாளிகளுக்கு இலவசமாகவே வழங்கி வந்தது. அத்திட்டத்தால் உயிர் பிழைத்தவர்கள் பலர். அதைக் கண்துடைப்பு என்று ஒதுக்குவது அவர்களுக்கு இழைக்கும் அநீதி. ஆனால் இலவசத் திட்டத்தில் யார் சேரலாம், எவ்வளவு காலம் தொடரலாம் என்பதை முடிவு செய்பவர் கொடுப்பவர். எதிர்ப்பு மனுவிலோ கேட்பவருக்கே உரிமை. அதிகாரி காரணம் காட்டித்தான் மறுக்க முடியும். இரண்டு வழிகளிலும் ஒரே மாத்திரை ஒருவேளை ஒரே நோயாளியைச் சென்றடையலாம். ஆயினும் முதல் வழியில் அவர் கை நீட்டுகிறார். இரண்டாவதில் கணக்குக் கேட்கிறார்.

2006 ஜனவரி 25 அன்று சென்னைக் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. நோவார்ட்டிஸ், சென்னை உயர் நீதிமன்றத்தில் 3(டி) பிரிவையே எதிர்த்தது. ‘செயல்திறன்’ என்ற சொல்லுக்குச் சட்டத்தில் வரையறை இல்லை. வரையறை இல்லாத சொல் அதிகாரிகளுக்குக் கட்டற்ற அதிகாரம் தருகிறது. ஆகவே அது அரசமைப்புக்கு முரணானது என்பது வாதங்களுள் ஒன்று. நீதிபதிகள் ஆர். பாலசுப்பிரமணியன், பிரபா ஸ்ரீதேவன் ஆகியோர் 2007 ஆகஸ்ட் 6 அன்று அவ்வாதத்தை ஏற்க மறுத்தனர். அவர்கள் ஒரு மருத்துவ அகராதியைத் திறந்தார்கள். மருந்தியலில் செயல்திறன் என்பது, விரும்பிய சிகிச்சை விளைவை உண்டாக்கும் ஆற்றல் என்ற பொருளை அதிலிருந்து எடுத்துக் காட்டினார்கள். சொல் பொதுவானதாக இருக்கலாம். அது வழங்கும் துறை அதற்கு வரம்பு கட்டும் என்பதே தீர்ப்பின் உட்பொருள். ஒரு சொல்லின் பொருள் அது பயன்படும் சூழலில் உள்ளது என்று மொழியியல் வகுப்பறையில் சொல்வதை, நீதிமன்றம் பல்லாயிரம் உயிர்களைச் சார்ந்த ஒரு கேள்விக்கு விடையாகச் சொல்லிவிட்டது. அத்தீர்ப்பை வழங்கிய இருவருள் ஒருவரான பிரபா ஸ்ரீதேவன், பின்னாளில் ஆர். சூடாமணியின் கதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் என்பது தமிழ் வாசகர்கள் அறிந்ததே.

வழக்கு அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்துக்கும், அங்கிருந்து உச்ச நீதிமன்றத்துக்கும் சென்றது. வாரியம் 3(டி) பிரிவின்படி காப்புரிமையை மறுத்தாலும், கண்டுபிடிப்பில் புதுமை உண்டு என்று கூறிவிட்டது. அந்தப் பகுதியை எதிர்த்துப் புற்றுநோயாளர் உதவிச் சங்கம் தானே உச்ச நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தது. பிறர் தொடுத்த வழக்கில் பதில் சொல்லும் நிலையிலிருந்து, தானே வழக்குத் தொடுக்கும் நிலைக்கு ஒரு நோயாளர் அமைப்பு வந்திருந்தது. 2013 ஏப்ரல் 1 அன்று நீதிபதிகள் அஃப்தாப் ஆலம், ரஞ்சனா பிரகாஷ் தேசாய் ஆகியோர் அளித்த தீர்ப்பு, மருந்தைப் பொறுத்தவரை செயல்திறன் என்பது சிகிச்சைச் செயல்திறனே என்று உறுதி செய்தது. புதிய வடிவம் உடலில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்பது மட்டுமே, அது நோயை மேலும் சிறப்பாகக் குணப்படுத்துகிறது என்பதற்குச் சான்றாகிவிடாது என்றும் கூறியது.

கிளிவெக் வழக்கின் புகழ், அதே காலத்தில் நடந்த ஓசையற்ற பணியை மறைத்துவிடுகிறது. காப்புரிமை அலுவலகத்தின் இதழ் வாரந்தோறும் வெள்ளிக்கிழமை வெளிவருகிறது. விண்ணப்பம் வெளியிடப்பட்ட பின் ஆறு மாதம் கழியும் வரை காப்புரிமை வழங்கப்படாது. அந்த அவகாசத்துக்குள் ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களிடையே ஒன்றை அடையாளம் காண வேண்டும். அதன் வேதியியலைப் படிக்க வேண்டும். அதே பொருள் முன்னரே எங்கேனும் வெளியாகியுள்ளதா என்று தேட வேண்டும். மனு எழுத வேண்டும். மருந்தின் பெயர் விண்ணப்பத்தின் தலைப்பில் இருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. ஒரு மருந்து நிறுவனம் இதற்கென ஒரு துறையையே வைத்திருக்கும். நோயாளர் அமைப்பில் இரண்டு மூன்று பேர், பெரும்பாலும் தாமும் அதே நோயோடு வாழ்பவர்கள், இதைச் செய்தார்கள்.

2006 மார்ச்சில் மணிப்பூர் வலையமைப்பும் அகில இந்திய வலையமைப்பும், கிளாக்ஸோ நிறுவனத்தின் காம்பிவிர் என்ற கூட்டு மாத்திரைக்கு எதிராகக் கொல்கத்தாவில் மனு அளித்தன. ஏற்கெனவே உள்ள இரண்டு மருந்துகளை ஒன்றாகச் சேர்ப்பது கண்டுபிடிப்பு ஆகாது என்பது வாதம். அதே ஆண்டு ஆகஸ்டில் நிறுவனம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. டெனோஃபோவிர் மருந்துக்கு எதிராக அகில இந்திய வலையமைப்பும் டெல்லி வலையமைப்பும் மனு அளித்தன. பின்னர் பிரேசில் நாட்டின் எய்ட்ஸ் அமைப்பு ஒன்றும், ஓர் இந்திய மறுவாழ்வு அமைப்போடு சேர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தது. 2009-இல் அந்த விண்ணப்பங்கள் நிராகரிக்கப்பட்டன. பிரேசில் நோயாளிக்கு இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் என்ன வேலை என்று எவரும் கேட்க முடியவில்லை. இந்தியாவில் தயாரிப்பு நின்றால் அங்கே மருந்து நிற்கும். ‘எவரேனும்’ என்ற சொல்லுக்குக் குடியுரிமைச் சான்று தேவையில்லை.

அடைமொழி உள்ள உட்பிரிவிலும் ஒரு திறப்பு ஏற்பட்டது. கல்லீரல் அழற்சி சி வகைக்கான பெகாசிஸ் மருந்துக்கு ரோஷ் நிறுவனம் 2006-இல் காப்புரிமை பெற்றது. போதை ஊசிப் பழக்கம் உள்ளோரிடையே மும்பையில் பணியாற்றிய சங்கல்ப் மறுவாழ்வு அறக்கட்டளை, காப்புரிமை வழங்கப்பட்ட பிறகு அதை எதிர்த்தது. அந்தக் கட்டத்தில் சட்டம் கேட்பது ‘அக்கறையுடைய’ ஒருவரை. மருந்து தயாரிக்காத, விற்காத, ஆராய்ச்சி செய்யாத ஓர் அமைப்புக்கு என்ன அக்கறை என்பது நிறுவனத்தின் கேள்வி. அதே துறையில் ஆராய்ச்சி செய்பவரும் ‘அக்கறையுடையவர்’ என்பதில் ‘உள்ளடங்குவர்’ என்றுதான் சட்டம் சொல்கிறது. அவர்கள் மட்டுமே என்று சொல்லவில்லை. 2012 நவம்பரில் மேல்முறையீட்டு வாரியம், அந்நோயாளிகளுக்காகப் பணியாற்றும் அமைப்பும் அக்கறையுடையதே என ஏற்று, காப்புரிமையையும் நீக்கியது. அப்போது வாரியத்தின் தலைவர் பிரபா ஸ்ரீதேவன். தமிழ்ப் பேச்சில் அக்கறை என்றால் எதைச் சொல்கிறோமோ, அந்தப் பொருளுக்குச் சட்டச்சொல் ஒரு சுற்றுச் சுற்றி வந்து சேர்ந்தது என்று இதைக் கொள்ளலாம்.

இந்த வரிசையில் அண்மையது காசநோய். பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்குரிய பெடாகுவிலின் மருந்தின் அடிப்படைக் காப்புரிமை 2023 ஜூலையில் முடிவதாக இருந்தது. அதன் உப்பு வடிவத்துக்குத் தனிக் காப்புரிமை கிடைத்திருந்தால் ஜான்சன் அண்டு ஜான்சன் நிறுவனத்தின் உரிமை 2027 வரை நீண்டிருக்கும். 2019-இல் அதை எதிர்த்தவர்களுள் இருவர் மும்பையைச் சேர்ந்த நந்திதா வெங்கடேசனும், தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலேயும். இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள். பழைய சிகிச்சையில் செலுத்தப்பட்ட ஊசி மருந்தின் பக்கவிளைவால் செவித்திறனை இழந்தவர்கள். ஊசியின்றி மாத்திரையாலேயே குணப்படுத்த வழி செய்யும் மருந்து பிறருக்குக் குறைந்த விலையில் கிடைக்க வேண்டும் என்பதற்காக அவர்கள் மனு அளித்தார்கள். 2023 மார்ச் 23 அன்று அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. நிறுவனத்தோடு போட்டியிடும் வணிகம் எதுவும் அவர்களுக்கு இல்லை. அடைமொழி அற்ற அந்தச் சொல் இல்லையெனில், அவர்கள் அந்த அலுவலகத்தின் வாசலிலேயே நிறுத்தப்பட்டிருக்கக்கூடும்.

இத்தகைய சொல் இல்லாத இடங்களில் என்ன நிகழ்கிறது என்பதற்கு அரிய நோய்கள் சான்று. காஷே நோயுள்ள, ரிக்‌ஷா இழுக்கும் ஒருவரின் மகனுக்காகத் தொடுக்கப்பட்ட வழக்கில், டெல்லி உயர் நீதிமன்றம் 2014-இல் இலவசச் சிகிச்சை அளிக்க அரசுக்கு ஆணையிட்டது. 2021-இல் அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை வந்தது. உதவித்தொகையின் உச்சவரம்பு 20 லட்சம் ரூபாயிலிருந்து 2022-இல் 50 லட்சம் ரூபாயாக உயர்ந்தது. இம்மாற்றங்களுக்குப் பின்னால் பெற்றோர்களின் பல்லாண்டு அலைச்சல் உள்ளது. எனினும் அங்கே ஒவ்வொரு குடும்பமும் மனுதாரராகவே நிற்கிறது. ஆயுள் முழுதும் தேவைப்படும் சிகிச்சைக்கு வரம்புள்ள தொகை போதாதபோது, மீண்டும் நீதிமன்றப் படியேறுவதைத் தவிர வழியில்லை. விலை ஏன் அவ்வளவு என்ற கேள்வியை எழுப்பும் இடம் அவர்களுக்கு வாய்க்கவில்லை.

அடைமொழி இல்லாத சொல்லுக்கு அதற்கேயுரிய இடர்களும் உண்டு. எவரும் எதிர்க்கலாம் என்றால், எவருடைய முகமூடியை அணிந்தும் எதிர்க்கலாம். போட்டி நிறுவனங்கள் பிறர் பெயரில் மனு அளிப்பதும், ஒன்றன்பின் ஒன்றாக மனுப் போட்டு விண்ணப்பத்தை ஆண்டுக்கணக்கில் இழுத்தடிப்பதும் நிகழ்ந்துள்ளன. 2020-இல் மும்பை உயர் நீதிமன்றம், பெயரை மட்டும் இரவல் தரும் எதிர்ப்பாளர்களைக் கடுமையாகக் கண்டித்தது. நோயாளர் அமைப்புகளும் ஐயத்துக்கு அப்பாற்பட்டவை அல்ல. மருந்து நிறுவனங்களின் நிதியில் இயங்கும் நோயாளர் அமைப்புகள் உலகெங்கும் உள்ளன; ஒரு மருந்தை அரசுத் திட்டத்தில் சேர்க்கக் கோரும் குரல் நோயாளியுடையதா, விற்பவருடையதா என்று பிரித்தறிவது எப்போதும் எளிதன்று. அரசிடம் ஆதரவு திரட்டும் பணியை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டம் இந்தியாவில் இல்லாததால், யார் யாருக்காகப் பேசுகிறார் என்பதைப் பதிவு செய்யும் கடமையும் எவருக்கும் இல்லை. நிறுவனத்தின் அரசுத் தொடர்பு அலுவலருக்கும் நோயாளர் உரிமைப் பணியாளருக்கும் பேச்சில் வேறுபாடு தெரியாமல் போகலாம். வரவுசெலவுக் கணக்கில்தான் தெரியும்.

இந்தக் குறைகளுக்கு அரசு கண்ட மருந்து என்ன? 2024 மார்ச்சில் திருத்தப்பட்ட காப்புரிமை விதிகள், அதுவரை கட்டணமின்றி இருந்த முன் எதிர்ப்பு மனுவுக்குக் கட்டணம் விதித்தன. மனு விசாரணைக்கு ஏற்கத்தக்கதா என்பதைக் கட்டுப்பாட்டாளர் முதலில் முடிவு செய்ய வேண்டும் என்றும் கூறின. அதே ஆண்டு ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு ஒன்று, விண்ணப்பத்தைப் பரிசீலிப்பதும் எதிர்ப்பை விசாரிப்பதும் தனித்தனி நடவடிக்கைகள், பரிசீலனையில் பங்குகொள்ளும் உரிமை எதிர்ப்பாளருக்கு இல்லை என்று தீர்ப்பளித்திருந்தது. சட்டத்தில் ‘எவரேனும் ஒருவர்’ அப்படியே இருக்கிறார்; ஓர் எழுத்தும் மாறவில்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்க வேண்டும் என்பார்கள். வரத்தைக் குறைக்காமலே இடத்தைக் குறைக்க விதிகளால் முடியும்.

இரவல் பெயர்களைத் தடுக்க வேறு வழிகள் இல்லாமல் இல்லை. மனுவுக்குப் பணம் தருபவர் யார் என்று வெளிப்படையாக அறிவிக்கச் செய்யலாம். ஒரே வாதத்தைத் திரும்பத் திரும்ப எழுப்பும் மனுக்களை ஒன்றாக்கலாம். கால எல்லை வகுக்கலாம். இவை முகமூடியைக் கழற்றும். கட்டணமும் முன்தகுதிச் சோதனையும் முகமூடி அணிந்தவரைப் பெரிதும் பாதிக்கா. அவருக்குப் பின்னால் பணம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை இதழைப் புரட்டும் இரண்டு மூன்று பேரையே அவை தடுக்கும். ஒரு மனு என்ன சொல்கிறது என்று பார்ப்பதற்கு முன், அதைச் சொல்ல இவர் யார் என்று கேட்பது, 1970-ஆம் ஆண்டின் அடைமொழியைப் பின்வாசல் வழியே மீண்டும் கொண்டுவருவதாகும்.

சட்டங்களின் திருத்த வரலாற்றைப் படிக்கும் மாணவர்கள் நீக்கப்பட்ட சொற்களையும் சேர்க்கப்பட்ட சொற்களையும் குறித்துக்கொள்வார்கள். இவ்வரலாற்றில் குறித்துக்கொள்ள வேண்டியது, வேண்டுமென்றே எழுதப்படாமல் விடப்பட்ட ஒரு சொல். அந்த வெற்றிடத்தில்தான் இம்பாலிலிருந்தும் மும்பையிலிருந்தும் பிரேசிலிலிருந்தும் தென்னாப்பிரிக்காவிலிருந்தும் நோயாளிகள் வந்து நின்று, ஓர் அதிகாரியிடம் காரணம் கேட்டார்கள். அந்த இடம் இனி எவ்வளவு அகலமாக இருக்கும் என்பதை, அடுத்து வரும் மனுக்களின் முதல் பக்கத்தில் அதிகாரிகள் எழுதும் குறிப்புகளே சொல்லும்.